சிவப்புக் கோடும் நீலக் கோடும்

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். எங்கள் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர் அருகே வந்து, "ஞானசெல்வம் டீச்சர் நேத்து தவறிட்டாங்க சார்" என்றார். ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

டீச்சரிடம் கணக்குப் படித்தவர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் இதை வாசிப்பீர்கள். அவருக்குப் பார்வை போனது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் செய்ததும் செய்யாததும் தெரியாது.

நான் அதே பள்ளியில் ஓவிய ஆசிரியர். கன உருவங்கள் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே தாளில் ஒரு கூம்பைச் சிவப்புப் பென்சிலால் ஒரு முறையும், சற்றே தள்ளி நீலத்தால் ஒரு முறையும் வரைவார். ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மறு கண்ணுக்கு நீலம் என்று வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், கூம்பு தாளைவிட்டு எழுந்து நிற்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் முனையைத் தொட விரலை நீட்டி, ஒன்றும் தட்டுப்படாமல் சிரிப்பார்கள். "ரெண்டு கண்ணும் ஒத்துப்போனாத்தான் சார் கனம்" என்பார் டீச்சர்.

பிறகு அவருடைய வலக்கண் போயிற்று. ஒற்றைக் கண்ணுக்கு எந்தப் படமும் எழும்பாது. வரைந்ததை என்னிடம் நீட்டி, "எழும்புதா சார்?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் சிவப்புக் கோட்டைத் தவறான பக்கம் தள்ளியிருந்தார். கூம்பு தாளுக்குள் குழிந்து கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எழும்புகிறது என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பில் பிள்ளைகள் பள்ளமாக இருக்கிறதென்று சொல்லியிருக்கிறார்கள். மதியம் ஆசிரியர் அறைக்கு வந்தவர் குரலை உயர்த்தவில்லை.

"இரக்கப்பட்டுச் சொன்னீங்க. எனக்கு அது வேணாம் சார். தப்புன்னா தப்புன்னு சொல்ல ஒரு ஆள்தான் வேணும்."

இடக்கண்ணும் நிற்காது என்று டாக்டர் சொன்னபின், பாடப்புத்தகத்து உருவங்கள் அத்தனையையும் வரைந்து முடித்துவிடத் துடித்தார். உணவு இடைவேளைகளில் சாப்பாட்டைத் திறக்காமலே வரைவார். நான் பார்த்து, எழும்பாவிட்டால் இல்லை என்பேன். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைவார். தாளுக்கும் மூக்குக்கும் இடையே ஒரு விரல் இடம்கூட இல்லை. நான் இல்லை என்ற ஒவ்வொரு முறையும் அவர் இடக்கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த தாளை எடுப்பார். ஆனாலும் பொய் சொல்லவில்லை. பத்தொன்பது உருவங்கள் எழும்பின. இருபதாவது, தலை வெட்டிய கூம்பு, எழும்பவில்லை. அதை மறுபடி வரைய எடுத்த தாளைப் பாதிக்கு மேல் முடிக்க அவருக்குக் கண் இருக்கவில்லை.

வேலையை விட்டபின் பெருங்களத்தூர் வீட்டில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். சுவர்ப் பக்கம் முகம் வைத்தபடியே பேசினார். "அந்தக் கடைசிப் படத்தை நீங்க போட்டு முடிச்சுடுங்க சார். முடிஞ்சதும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க." சரி என்று அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். பரீட்சை முடியட்டும், மழை விடட்டும் என்று இரண்டு வருஷம் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வந்து, அவர் பாதியில் விட்ட தாளை எடுத்துவைத்து வரைந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூம்பு எழுந்து நின்றது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள். எழும்புகிறது டீச்சர் என்று உண்மையாகவே சொல்லியிருக்கக்கூடிய ஒரு மணி நேரம், இரண்டு வருஷமும் என் கையில்தான் இருந்தது.