எல்லா மதமும் சொன்னதும் அப்பாவுக்குக் கிடைத்ததும்

கல்லூரிப் பேச்சுப் போட்டிக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அது எனக்குப் பளிச்சென்று பட்டது. இந்து, இஸ்லாம், கிறித்தவம், பௌத்தம், சமணம், எதைப் புரட்டினாலும் ஒரே பேச்சு: உன்னைப் போலவே அடுத்தவரையும் நடத்து. ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவை உட்காரக்கூட விடாமல் படித்துக் காட்டினேன்.

"எல்லாரும் ஒண்ணுதான் சொல்லிக்கிறாங்க," என்றார் அப்பா. "அப்புறம் இன்னாத்துக்கும்மா பஸ்ல என் பக்கத்து சீட்டு மட்டும் வேலூர் வரைக்கும் காலியாவே போவுது?"

போட்டியில் எனக்குப் பரிசு கிடைத்தது. அப்பாவுக்குப் பதில் கிடைக்கவில்லை.

அப்பா ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமமொன்றில் கூலி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மழை பொய்த்த காலத்தில் ஆம்பூர் வந்து தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தார். உப்புப் போட்ட பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்துத் திருப்பும் வேலை. புளி போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை உடம்பை விட்டுப் போகாது. அந்தக் கூலியில்தான் அக்காவும் நானும் படித்தோம். வீட்டுக்கு வந்தவரை அப்பா சாப்பிடாமல் அனுப்பியதில்லை. உறவினர்களாகிய உங்களில் பலருக்கு அது தெரியும்.

அக்காவின் திருமணத்தன்று பட்டு வேட்டியோடு மண்டப வாசலில் நின்ற அப்பாவிடம் எங்கள் தாய்மாமன் வந்தார்.

"மாமா, தப்பா எட்த்துக்காதீங்க. மாப்ள வூட்டுக்காரங்க வர்ற நேரம். நீங்க சமையக்கட்டாண்ட கொஞ்சம் பாத்துக்கோங்க."

"ஏன், சென்ட்டு கம்மியா பூட்டுச்சா?" அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அப்பா போய்விட்டார். கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடு சாப்பிட்டார். நான் சண்டைக்குக் கிளம்பியபோது, "கல்யாண வூட்ல பேஜார் பண்ணாதம்மா," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் மனதில் இருந்ததைச் சொன்னார்: "உன் கல்யாணத்துல நான் மொத பந்தில உக்காருவேன்மா. சொந்தக்காரங்களோட." நுரையீரல் அதுவரை காத்திருக்கவில்லை.

மருத்துவமனையில் முறை போட்டுக் கண்விழித்த ஷாப் தோழர்களுக்கும், துக்க நாள்களில் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. அப்பாவைக் குளிப்பாட்டிப் பன்னீர் தெளித்த பிறகு நெருங்கி வந்து, அன்பைப் பற்றி அழகாகப் பேசிய உறவினர்களுக்கும் நன்றி.

இன்று முதலாண்டு நினைவு நாள். மதியச் சாப்பாட்டுக்கு அப்பாவின் தோழர்களை ஷிப்டிலிருந்து நேரே, குளிக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன். "சாம்பாரே எழுந்து ஓடிடும் பாப்பா," என்றார் ஒருவர். ஆனாலும் வருகிறார்கள். முதல் பந்தியில் ஓர் இலை அவர்களுக்கு, அடுத்த இலை உங்களுக்கு என்று மாற்றி மாற்றிப் போடப்போகிறோம்.

"யாரும் உக்காரலன்னா இன்னாடி பண்ணுவ?" என்று அம்மா பயப்படுகிறார். எனக்கும் தெரியவில்லை.

அப்பாவோடு தொட்டியில் நின்றவருக்குப் பக்கத்தில், மாமா, உங்கள் இலையை நானே போடுவேன்.