சும்மா இருக்கப் போன தீவு

அந்தமானுக்குப் போகிறோம் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பம்மலில் எங்கள் தெருவே பயண வழிகாட்டியாக மாறிவிட்டது. கப்பல் ஏறுமுன் வாந்தி மாத்திரை போட்டுக்கொள், கடலுக்குள் இறங்கி மீன் பார், அன்னாசியை அங்கேயே வெட்டித் தருவார்கள், விடாதே. நான் வேலை பார்க்கும் தாம்பரம் பள்ளியில் கணக்கு டீச்சர், "அங்க போயும் போனை நோண்டிட்டு இருக்காதீங்க டீச்சர், சும்மா படுத்துக் கெடங்க" என்றார்.

இன்னொரு கூட்டம் வேறு மாதிரிச் சொன்னது. அவர்களுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். பல வருடங்களாக நானும் கணவரும் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தோம். பயணத்துக்குச் சற்று முன்புதான் கருவை உள்ளே வைத்திருந்தார்கள். இதுதான் கடைசி, இதற்கு மேல் உன் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். டிக்கெட் எப்போதோ எடுத்தது. போகலாமா என்று பயந்துபோய்க் கேட்டதற்கு, "தாராளமா போய்ட்டு வாங்க. ரிலாக்ஸா இருங்க, அதுதான் இப்ப உங்களுக்கு வேணும்" என்றார். அந்த வார்த்தையை நாங்கள் மருந்து போலவே எடுத்துக்கொண்டோம். வேளா வேளைக்கு ரிலாக்ஸாக இருக்க வேண்டும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

அன்னாசியைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்றார் அம்மா. கடலில் இறங்காதே, மாத்திரை எதுவும் போடாதே என்றார் மாமியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வந்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்து, சத்தமாகச் சிரிக்காதே என்றார். சிரிப்பதற்கு எங்களிடம் என்ன இருந்தது என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். இரண்டு கூட்டத்தின் யோசனைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தால், எனக்கென்று மிஞ்சியது கடலைப் பார்த்துப் போட்ட ஒரு நாற்காலி.

விமானத்தில் போய் இறங்கி, அங்கிருந்து தீவுக்கு மாத்திரை போடாமல் கப்பல் ஏறியதால் வழியெல்லாம் வாந்தி. பக்கத்துச் சீட்டுக்காரர், முன் சீட்டுக் குழந்தை, பாதிக் கப்பலே பையைப் பிடித்துக்கொண்டிருந்தது. என் கணவருக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு. "வாந்தி வருதா? நல்லா வருதா?" என்று முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். உடம்பு முடியாத நிலையிலும் அவரைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிற மனிதர். வருடக் கணக்காகச் சரியான தூக்கம் கிடையாது. அந்தத் தீவில் குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்தால் இளநீர் வாங்கி வருவார், நாற்காலியை நிழலுக்கு நகர்த்துவார். நான் அலையை எண்ணாமல், நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். யாராவது இப்போது என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: தீவுக்குப் போகும்போது எதற்கும் காத்திருந்துகொண்டு போகாதீர்கள். அங்கே அதை மறக்கடிக்க ஒரு பாத்திரம்கூடக் கழுவக் கிடைக்காது.

மூன்றாம் நாள் காலை, குளியலறையில் ரத்தம் பார்த்தேன்.

கொஞ்சம்தான். சிலருக்கு அப்படிக் கொஞ்சம் படும், அது நல்ல அறிகுறி என்றுகூடப் படித்திருக்கிறேன். மறுபடி படித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்தத் தீவில் சிக்னல் என்பது காற்றைப் பொறுத்தது. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு புதுமணத் தம்பதி, நான் படம் எடுக்கத் திணறுகிறேன் என்று நினைத்து, "குடுங்கக்கா, நாங்க எடுத்துத் தரோம்" என்று வந்தார்கள். கர்த்தாவே, இது மட்டும் வேண்டாம், வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் என்று வாய்விட்டே கெஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் எடுத்த படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வயிற்று வலியும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேனே, சிரிக்காமல்கூட இருந்தேனே என்று ஆத்திரமாக வந்தது.

அவரிடம் சொல்லிவிடலாம் என்று விடுதி வரவேற்பறைக்குப் போனேன். அங்கே இருந்த தமிழ்ப் பையனிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். "சின்னக் குழந்தைன்னா தனியா மெத்தை போடுவீங்களா? இல்ல, எங்க கூடவே படுக்க வெச்சுக்கணுமா?"

"எத்தன வயசு சார்?"

"இப்ப இல்லப்பா. அடுத்த தடவை வரும்போது."

நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், இந்தத் தூக்கமாவது அவருக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். மீதி இருந்த நாளெல்லாம் அவர் கொண்டுவந்த இளநீரையெல்லாம் குடித்தேன். அவர் உள்ளே போன நேரம் பார்த்து அழுதேன். கடல் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

விமானம் இறங்கியபோது நல்ல மதிய வெயில். வெளியே ஆட்டோ பிடித்தோம். பல்லாவரம் தாண்டி பம்மல் ரோட்டில் திரும்பியதும், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்கள். முதல் பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அவர் சட்டென்று என் வயிற்றுக்கு முன்னால் கையை நீட்டி, முன் கம்பியைப் பிடித்து அணை கொடுத்தார்.

"அண்ணா, பள்ளம் பாத்து மெதுவா போங்கண்ணா."

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இன்னா சார், அக்கா மாசமா கீறாங்களா? மொதல்லயே சொல்லக் கூடாதா? அலுங்காம இட்டுகினு போறேன்."

என் கணவர் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆட்டோ நடை வேகத்துக்கு வந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "வூட்ல பொம்பளைங்க கீறாங்களா இல்லியா உனக்கு?" என்று எங்களுக்காகச் சண்டை போட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"வேகமாவே போங்கண்ணா" என்றேன். "ஒண்ணும் இல்ல. வேகமாவே போங்க."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன். சிரிப்பு மெல்ல மெல்ல அவர் முகத்தைவிட்டுப் போனது. ஓட்டுநர் ஒன்றும் புரியாமல் வேகத்தைக் கூட்டினார். வண்டி அடுத்த பள்ளத்தில் விழுந்து எழுந்தது, அதற்கடுத்ததிலும். என் வயிற்றுக்கு முன்னால் நீட்டிய கையை, வீடு வரும்வரை அவர் எடுக்கவே இல்லை.