அஞ்சலை நிறத்தோடு திரையில் வந்த நாள்

திட்டக்குடியில் சென்னை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது லூர்து மேடத்தின் மகள் போன் செய்தார். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சார்" என்றார். சென்னைப் பயணத்தை விட்டுவிட்டு விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினேன்.

லூர்து மேரியை உங்களில் பலர் தொலைக்காட்சிப் பொறியாளராக அறிவீர்கள். அதே நிலையத்தில் நான் ஒளிப்பதிவாளன். கலர் ஒளிபரப்பு வந்த புதிதில் இருவரும் அவருடைய ஊரான விருத்தாசலத்துக்கு வந்து, பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் பெண்கள் போட்ட நாடகம் ஒன்றைப் பதிவு செய்தோம். ராஜா வேடம் அஞ்சலைக்கு. மஞ்சள் தலைப்பாகை, ஊதாச் சட்டை. ஆனால் அவர்கள் தெருவில் இருந்தவை எல்லாம் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள்.

"நாங்க கலர்ல எப்படி இருந்தோம்னு எங்களுக்கே தெரியாது மேடம்" என்று கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் அஞ்சலை சொல்வாராம்.

நிலையத்தில் பழைய வீடியோ நாடாக்களைக் கழித்தபோது, அந்த நாடகத்தின் நாடாவை மேடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். வேறு பிரதி கிடையாது. ஓய்வுபெற்ற பின் ஓட்டிப் பார்த்தால், நாடா பிசுபிசுத்து இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிட்டது. சென்னையில் விசாரித்தோம். "அறுந்துடும், விட்டுடுங்க" என்றார்கள்.

மேடம் விடவில்லை. "ஈரம் ஏறியிருக்குது, அவ்ளோதான். ஈரத்த எடுக்கறதுக்கு நம்ம ஊர்ல எடமா இல்ல?" என்றார்.

பீங்கான் பட்டறைகளில், சூளைக்குப் போகும் முன் பொம்மைகளைக் காயவைக்கும் வெதுவெதுப்பான அறை உண்டு. தெரிந்த பட்டறைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்துவிட்டார். மேடம் முதலில் உதவாத நாடா ஒன்றை வைத்துச் சோதித்தார். அது தப்பிய பிறகே நாடக நாடா உள்ளே போனது. வெப்பமானியை விட்டு அவர் நகரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "நீங்க போயிட்டு வாங்க. இது உருகிச்சின்னா எனக்குச் சோறு எறங்காது" என்றார்.

நாடா ஆறியதும் ஓட்டினோம். படம் வந்தது, நிறம் வரவில்லை. மேடம் சட்டென்று நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க மேடம், மறுபடி ஓடாது!" என்று கத்தினேன்.

"கலர் இல்லாம அஞ்சல மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றபடியே இயந்திரத்தைத் திறந்தார். நாடாவைப் படிக்கும் முனையில் அப்பியிருந்த பசையைப் பொறுமையாகத் துடைத்தார். மீண்டும் ஓட்டினார். திரை ஒருமுறை நடுங்கியது. பிறகு மஞ்சள் வந்தது. ஊதா வந்தது. கடைசிக் காட்சிவரை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியபோது, நாங்கள் இருவரும் குழந்தைகளைப் போல் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டினோம். தலைப்பாகையோடு ராஜா வந்ததும் அஞ்சலை நாற்காலியிலிருந்து எழுந்து, "பாருங்கடி, நாந்தான்!" என்று கூவினார். ஒரு பெண், "எங்கம்மா! பச்சப் பொடவைல எங்கம்மா!" என்று அழுதுகொண்டே சிரித்தார். விசில் ஓயவில்லை.

மேடத்தைத் தேடினேன். திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"படம் பாக்கலியா மேடம்?"

"அதான் ஓடுதே. இவங்க பாக்கறதப் பாக்கறேன். வாங்க, உக்காருங்க."

வாழ்நாளெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நின்ற நான், பார்ப்பவர்களின் பக்கம் அதுவரை திரும்பியதே இல்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அத்தனை முகங்களிலும் நிறம் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இடம்.