எரிமலைத் தீவில் மச்சானைக் கூப்பிட்டது

எனக்குக் கடல் பிடிக்காது. அதிகம் பார்த்ததும் இல்லை. பிறந்தது, வேலை செய்தது, இன்னும் இருப்பது எல்லாம் மலேசியாவில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில். எங்களுக்கும் ஈரம் உண்டு, குளிர் உண்டு. ஆனால் காலுக்குக் கீழே தரை நிற்கும்.

மகள் கடல் தாண்டி சபா மாநிலத்தில் டீச்சர். படித்து முடித்ததும் கவர்மெண்டு அங்கே தூக்கிப் போட்டுவிட்டது. செம்பூர்ணா என்று கடலோரத்து டவுன். போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். பையன் ஈப்போக்காரன். நல்லவன். எல்லாம் கூடி வந்தது, ஒன்றைத் தவிர. அவளுடைய தாய்மாமன், அதாவது என் பெண்டாட்டியின் அண்ணன், என்னோடு பேசுவதில்லை. நானும் அவரோடு பேசுவதில்லை. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வராமல் எங்கள் சனத்தில் பெண் மணவறைக்குப் போகமாட்டாள். மகளுக்கு மாமா வேண்டும். போனில் அழுதாள். நான் போனை அவள் அம்மாவிடம் கொடுத்தேன்.

பேச்சு நின்ற கதை சின்னதுதான். அப்போது அவர் எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆட்களுக்குக் கங்காணி. நான் அவருக்குக் கீழே வேலை. ஒரு நாள் முதுகில் மருந்து டாங்கியோடு செடிக்கு நடுவில் மயங்கி விழுந்துவிட்டேன். தோட்டத்துத் துரை வண்டியில் வந்துவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டார். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மச்சான் சொன்னார். என் அப்பன் குடித்தே செத்தவன். அதனால் நான் தொட்டதே கிடையாது. இது ஊருக்குத் தெரியும். மச்சானுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், தங்கச்சியைக் கொடுக்கும்போது விசாரித்தவர் அவர்தான். என்னைத் தொழிற்சாலையில் தூசி கூட்டப் போட்டார்கள். குடிகாரன் என்ற பேரும் கூடவே வந்தது. பிறகு அவர் ஓய்வு வாங்கிக்கொண்டு அதே மலையில் பிரிஞ்சாங் டவுனில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போனார். அவர் போன பாதையில் நான் போகவில்லை.

மகள் ஒரு திட்டம் போட்டாள். ஸ்கூல் லீவில் எங்கள் மூன்று பேரையும் செம்பூர்ணாவுக்கு வரவழைத்தாள். மாமா அவளுக்காக வந்தார். நான் பெண்டாட்டிக்காகப் போனேன். ஏர்போர்ட்டில் பெண்டாட்டி நடுவில் உட்கார்ந்தாள். விமானத்திலும் நடுவில்தான்.

“அண்ணே, அவரு தண்ணி வேணுமான்னு கேக்குறாரு.”

நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னது.

“அவரையே குடிக்கச் சொல்லு. நல்லாக் குடிப்பாரு” என்றார் மச்சான்.

பெண்டாட்டி என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தீவு டூர். படகு, வழிகாட்டி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்து மகள் புக் பண்ணியிருந்தாள். படகுத்துறையில் எல்லாருக்கும் ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டினார்கள். யாரோ போட்டுக் கழற்றிய ஈரம் அதில் இருந்தது. வழிகாட்டி அந்தக் கடலோரத்துப் பஜாவ் இனத்துக்காரன். முகத்தைத் துணியால் சுற்றியிருந்தான், கண் மட்டும் தெரிந்தது. மலாயில் பேசினான். இந்தத் தீவுகள் எல்லாம் ஒரே எரிமலையின் விளிம்பு, நடுமலை வெடித்துப் போய்க் கடல் உள்ளே புகுந்துவிட்டது, நாம் அந்த வாய்க்குள்தான் போகிறோம் என்றான். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கள் மலையில் மண் சரிந்தால் ரோட்டை மூடிவிடுவார்கள். இங்கே ஒரு மலையே சரிந்ததற்குச் சீட்டுக் கிழித்து ஆள் கூட்டிப் போகிறார்கள்.

படகு அலைமேல் அடித்து அடித்துப் போனது. முதுகெலும்பில் இறங்கியது ஒவ்வொரு அடியும். மச்சான் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நல்லது என்று நினைத்தேன்.

தீவு கிட்ட வந்தது. கரையில் கறுப்புப் பாறை. சுட்டுப் போட்ட மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அலை அதில் மோதி, ஓட்டை வழியாகச் சீறித் திரும்பியது. அதற்கு மேலே காடு செங்குத்தாக ஏறியது. படகு நின்றதும் பெண்டாட்டி கடலில் வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவளால் ஏற முடியாது. மகள் அவளோடு கீழே நிற்பதாகச் சொன்னாள்.

பெண்டாட்டி வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். “மேல போயி அண்ணங்கிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க. அது போதும்.”

மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “கேட்டுருங்கப்பா” என்றாள்.

அதனால் ஏறினேன்.

பாதை என்று சொன்னார்கள். வேரும் களிமண்ணும்தான். மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தது. எனக்குச் சரிவு புதிதில்லை. காலைப் பக்கவாட்டில் வைத்துப் போனேன். எங்களுக்கு முன்னால் கோலாலம்பூர்ப் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தோடு வழுக்கி வழுக்கி விழுந்து, அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள். மச்சான் பின்னால் வந்தார். மூச்சு வாங்கியது கேட்டது. முட்டி அவருக்கு முன்பே கெட்டுப் போனது. தோட்டத்தில் இருந்தபோதே தெரியும்.

ஈர வேரில் கால் வைத்தார். வழுக்கிக் கயிற்றில் தொங்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். கை நீட்டவில்லை. வழிகாட்டிதான் பிடித்தான்.

நான் வழிகாட்டியிடம் மலாயில் சொன்னேன். “அவருகிட்ட சொல்லு, வேர மிதிக்க வேணாமுன்னு.”

அவன் மச்சானிடம் சொன்னான். அவர் காதில் அது முன்பே விழுந்திருக்கும்.

“அவருகிட்ட சொல்லு,” என்றார் மச்சானும் மலாயில். “அவரு பொறக்குறதுக்கு முந்தியே நான் மல ஏறுனவன்.”

“சொல்லு, அப்ப முட்டி இருந்துச்சு. இப்ப இல்ல.”

“சொல்லு, வாய மூடிக்கிட்டு நடக்கச் சொல்லு.”

வழிகாட்டி முகத்துணியை இறக்கினான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “பாக்சிக், ஒங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியாதா?” என்று கேட்டான். பாக்சிக் என்றால் மலாயில் மாமா.

“தங்கச்சி புருசன்” என்றார் மச்சான்.

அவன் சிரித்தான். “எங்க வூட்டுலயும் ஒருத்தன் இருக்கான்” என்று சொல்லிவிட்டு முன்னால் போனான். அதன் பிறகு எங்கள் பேச்சை அவன் சுமக்கவில்லை.

உச்சியில் மொட்டைப் பாறை. கீழே தீவுகள் வட்டமாக நின்றன. நடுவில் தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. படத்தில் இருப்பதைவிட நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நான் அதைப் பார்க்க வரவில்லை. படம் எடுக்கப் பாறை நுனியில் வரிசை நின்றது. வழிகாட்டி அவர்களுக்குப் போன் பிடிக்கப் போய்விட்டான். மச்சான் ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைச் சுற்றித் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

ரெண்டு வார்த்தை என்று பெண்டாட்டி சொல்லியிருந்தாள். எனக்குப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. சௌக்கியமா என்று கேட்கவும் வாய் வரவில்லை. அவர் சௌக்கியமாக இருப்பதில் எனக்கு அக்கறையும் இல்லை. வந்த வேலையைச் சொன்னேன்.

“கல்யாணத்துக்கு வந்துருங்க மச்சான்.”

அவர் முட்டியிலிருந்து கையை எடுத்தார்.

“என்ன சொன்ன?”

“மகளுக்குக் கல்யாணம். வந்து நில்லுங்க.”

“இதுதான் அழைப்பா? தட்டு எங்க? வெத்தல பாக்கு எங்க? எந்தங்கச்சி எங்க?” சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். “தாய்மாமன, காட்டுல, கல்லு மேல வச்சுக் கூப்புடுற. போற நாயி, வந்தா வா. அப்புடித்தான மாப்ள?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாக அவர் வாசலுக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். வழியில் கண்ட இடத்தில் கூப்பிட்டால் அது கூப்பிட்டதே இல்லை. கேவலப்படுத்தியது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேசு என்றுதான் பெண்டாட்டி சொன்னாள். அழைக்கச் சொல்லவில்லை. பட்டணத்தில் படித்த மகள் கேட்டுருங்க என்றாள், நானும் கேட்டுவிட்டேன்.

“தெரியாமக் கேட்டுட்டேன்” என்றேன்.

“ஒனக்கு எதுதான் தெரியும் லா.”

மழை வந்துவிட்டது. மழை பெய்தால் அந்தப் பாதையை மூடிவிடுவார்களாம். வழிகாட்டி எல்லாரையும் விரட்டினான். இறக்கம் சேறாகிவிட்டது. மச்சான் முட்டி மடங்கவில்லை. வழிகாட்டி என்னை அவருக்கு முன்னால் நிறுத்தி, அவர் கையை எடுத்து என் தோளில் வைத்தான். வயசானவர்களை இப்படித்தான் இறக்குவோம், இவர் விழுந்தால் உங்கள் மேல்தான் விழுவார், பார்த்துப் போங்கள் என்றான். நான் தோளை விலக்கப் பார்த்தேன். பின்னால் கூட்டம் நெருக்கியது. விலக்க இடமில்லை.

அந்தக் கை கனமாக இருந்தது. ஒவ்வொரு அடியிலும் அவர் உடம்பு முழுக்க என் தோளில் இறங்கியது. மூச்சு என் காதில் பட்டது. முகம் தெரியவில்லை. அதனால்தான் நான் கேட்டேனோ என்னவோ.

“நான் விழுந்த அன்னிக்குக் குனிஞ்சு மோந்து பாத்தீங்களா?”

அடுத்த வேரைத் தாண்டிக் காலை ஊன்றிக்கொண்டுதான் சொன்னார்.

“பாத்தேன்.”

“சாராய வாடையா?”

“இல்ல. மருந்து வாட.”

நான் நின்றேன். அவரும் நின்றார். பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். நடந்தேன்.

“மருந்தடிக்கக் கட்டுற மூஞ்சித்துணி அன்னிக்கு ஸ்டோர்ல இல்ல” என்றார். “இல்லாமத்தான் ஒங்க எல்லாரையும் எறக்கி விட்டேன். மருந்துன்னு சொன்னா தொர என்னையக் கேப்பாரு. என் சீட்டக் கிழிச்சிருவாரு. எனக்கு அப்ப மூணு பொட்டப்புள்ள கையில.”

“எனக்கும் புள்ள இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே தோளைச் சாய்த்திருந்தால் போதும், அவர் கீழே போயிருப்பார். செய்யத் தோன்றியது. மகள் கீழே நின்றாள். அதனால் செய்யவில்லை.

கரைக்கு வந்ததும் அவர் கையை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் படகில் உட்கார்ந்தார். மகள் ஓடி வந்தாள்.

“கேட்டீங்களாப்பா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“தட்டு எங்கன்னு கேட்டாரு.”

பெண்டாட்டி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “வெறுங்கையோடயா கூப்டீங்க? எங்கண்ணனயா?” பிறகு மத்தியானச் சாப்பாடு கொடுத்தார்கள். பொட்டலத்தில் சோறும் பொரித்த மீனும். யாரும் பிரிக்கவில்லை. மகள் அழவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது அழுகையைவிட மோசம்.

மலைக்குத் திரும்பிய வாரம் ரிங்லெட் டவுனுக்கு இறங்கித் தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் வாங்கினோம். மச்சான் என்ன செய்தார் என்பதைப் பெண்டாட்டியிடம் சொன்னேன். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“அது எனக்கு அப்பவே தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சுமா சொல்லல?”

“தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்றீங்க. ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் அண்ணன்.”

அன்றைக்கு அவளோடும் நான் பேசவில்லை.

பிரிஞ்சாங்கில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். மச்சானே திறந்தார். தங்கச்சியைப் பார்த்து, “உள்ள வாம்மா” என்றார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். பெண்டாட்டி உள்ளே போகவில்லை. என் பக்கத்தில் நின்று தட்டின் ஒரு விளிம்பைப் பிடித்தாள். இரண்டு பேருமாக நீட்டினோம்.

“மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நடத்திக் குடுக்கணும்” என்றேன். முறையாகச் சொன்னேன்.

அவர் உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

“வந்து நிப்பேன். அந்தப் புள்ளைக்காக நிப்பேன். ஒன் வூட்டுச் சோத்துல கை நனைக்க மாட்டேன்.”

“நனைக்க வேணாம்” என்றேன்.

பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

வந்தார். ரிங்லெட் மண்டபத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்தார். சீர்த் தட்டுகளை அவர் மகன்கள் தூக்கி வந்தார்கள். புடவை, மாலை, வளையல், எதிலும் குறை வைக்கவில்லை. முட்டி வலியோடு மகளின் கையைப் பிடித்து மெல்ல நடத்தி மணவறைக்குக் கொண்டுபோனார். மகள் முகம் அன்று இருந்த மாதிரி நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இத்தனையும்.

தாலி ஏறியது. பந்தி போட்டார்கள். தாய்மாமனைப் பெண்ணின் அப்பன் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் முதல் இலையில் உட்கார வைக்க வேண்டும். முறை அது. அவர் சொன்னது சொன்னதுதான், ஆனாலும் நான் போய்க் கையைப் பிடித்திருந்தால் சபையில் உதறியிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். அவர் தூணோரம் நின்றார். பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். சம்பந்தி வீட்டாரும் பார்த்தார்கள்.

நான் சம்பந்தியைக் கூட்டிப் போய் அடுத்த இலையில் உட்கார வைத்தேன்.

முதல் இலை காலியாகவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். தூணோரம் ஆள் இல்லை. வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. பரிமாறுகிறவன் வந்து, அந்த இலையை எடுத்துவிடவா என்று கேட்டான்.

எடு என்றேன்.