மெலிஸ் எழுதாமல் விட்ட சொல்

மெலிஸ் இன்று நரின் நகரத்துக்குப் போகும் மலைச்சாலையில் பேருந்து ஓட்டுகிறான். வாயைத் திறந்தால் மூட மாட்டான். பதினோராம் வகுப்பில் அவன் சரியான ஊமைக்கோட்டான். எங்கள் வகுப்புப் பெண் ஜிபாரைக் கண்டால் இருக்கிற நாலு வார்த்தையும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

மார்ச் எட்டு, மகளிர் தினம். அதற்கு முன்பே வகுப்புப் பையன்கள் நாங்கள் சீட்டு எடுப்போம். யார் பெயர் வருகிறதோ, அவளுக்கு வாழ்த்து அட்டை எழுத வேண்டும். ஜிபார் பெயர் எனக்கு வந்தது. இரண்டு குளிர்காலம் விளையாடி ஜெயித்த ஆட்டு எலும்புக் காய்கள் நாற்பதையும் என் பையில் கொட்டிவிட்டு, மெலிஸ் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டான். எனக்குக் கொள்ளை லாபம்.

முதலில் நிலா, ரோஜா என்று எழுதினான்.

"ரோஜாவ எங்கடா பார்த்த நீ? நம்ம ஊர்ல முள்ளுச்செடிதான முளைக்குது" என்றேன்.

கிழித்துப் போட்டான். பென்சிலைக் கடித்துக்கொண்டே இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் தனக்குத் தெரிந்ததை எழுதினான்: "நீ நடந்தால் எங்கள் சாம்பல் குதிரை நடப்பதுபோல. அதன் முதுகில் தேநீர்க் கிண்ணத்தை வைத்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது."

குறை சொல்வதே என் பிழைப்பு. அன்றைக்கு அட்டையை அப்படியே அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"அது கடிக்குமே, அதையும் எழுதட்டாடா?" என்று கேட்டான்.

"எழுதினா உன் கதை அதோட முடிஞ்சுது."

என் பேச்சைக் கேட்டு அதை விட்டுவிட்டான்.

வகுப்பில் அவன் கொடுத்த அட்டையை ஜிபார் இரண்டு முறை படித்தாள். மெலிஸின் காது இரண்டும் வேகவைத்த பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டன. அவள் சிரிக்கவில்லை. தன் பஞ்சுக் கோட்டின் கையை அவன் முன்னால் நீட்டினாள். முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல்.

"இது உங்க சாம்பல் குதிரை வேலைதான். ஊத்துக்குத் தண்ணி எடுக்கப் போனப்ப கடிச்சுது. அதை ஏன் எழுதல?"

மெலிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எழுதினா கோவிச்சுக்குவியோன்னு..."

"நான் மட்டும் கடிக்க மாட்டேன்னு உனக்கு யார் சொன்னது? எழுது."

அவள் பேனாவையே வாங்கி, அவள் மேசையிலேயே குனிந்து, "கடிக்கும்" என்று எழுதினான். எழுத்து கோணிவிட்டது.

மணி அடித்து எல்லோரும் எழுந்து போனோம். ஜிபார் மட்டும் உட்கார்ந்து அந்த மையை ஊதிக்கொண்டிருந்தாள்.