செல்வி கேட்டாள், பேப்பர் வந்துச்சா என்று

இன்று காலை எங்கள் மருத்துவக் கல்லூரியில் பதவி உயர்வு, என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஆண் டாக்டருக்குப் போனது.

"உங்க ரிசர்ச் பேப்பர்ஸ் கம்மிம்மா. லேடீஸ் இன்னும் கொஞ்சம் சீரியஸா இருக்கணும்," என்றார் துறைத் தலைவர்.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு பிரிக்கும் பெண்களின் நுரையீரலை ஓர் ஆய்வுக்காகச் சோதித்திருந்தேன். அந்த ஆய்வை எழுதி முடிக்கத்தான் முடியவில்லை. பக்கவாதம் வந்த மாமியார், கைக்குழந்தை, சமையல் எல்லாம் என் தலையில்.

மாலை பஸ்ஸில், அந்த ஆய்வுக்காக மூச்சை அளக்கும் மெஷினில் ஊதிக் காட்டிய செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா மேடம், எங்களப் பத்தி எழுதிக்கினு இருந்தீங்களே, வந்துச்சா?"

"இன்னும் இல்ல செல்வி. வீட்டு வேலையில முடிக்க முடியல."

அவள் கோபப்படவில்லை.

"எங்கூட ஊதுனாளே கௌரி, போன மாசம் மூச்சு முட்டி செத்துட்டா மேடம். அதையும் சேத்து எழுதுங்க."



வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "இனிமே ராத்திரி சமையல் உங்களுது. நான் எழுதணும்," என்றேன்.

"இன்னிக்கேவா?" என்றார்.

வரிசையாகப் பேப்பர் போடும் ஆண் டாக்டர்களே, ஒரு சந்தேகம். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டில் குக்கரை இறக்கி வைப்பது யார்?