ஆலமரத்தில் ஒரு மூட்டை

பூச்சியைச் சமாளிக்கலாம், வெயிலைச் சமாளிக்கலாம். செடி விற்கிறவருக்கு வேடிக்கை பார்க்க வருகிறவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது தெரியும் என்பதால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் தருமபுரி ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் செடிக்கடை வைத்திருந்தேன். பெரிய மரங்களைத் தட்டுத் தொட்டியில் முழங்கை உயரத்துக்குள் வளர்க்கும் வித்தையைப் பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியின் தோட்டத்தில் தோட்டக்காரியாக வேலை பார்த்தபோது கற்றிருந்தேன்.

சோறு போடாத பிள்ளை

கடை வாசலில் ஒரு குட்டை அத்திமரம் இருந்தது. தடித்த அடிமரம், விரிந்த கிளை; உயரம் மட்டும் ஒரு சாண். கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேரையும் கிளையையும் அளவாக வெட்டி வளர்த்தது, நோய் ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கத்தரி நாற்று ஒரு கட்டு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: “என்ன சொன்னாலும், பெத்த புள்ளைக்குச் சோறு போடாம வளத்த மாதிரி இருக்குதுங்க!”

என்ன கன்று?

இந்த ஊரின் வாயை அடைக்க, ஊருக்கே தெரிந்த மரம் ஒன்றைத் தொட்டியில் நிறுத்திக் காட்டுவதென்று முடிவு செய்தேன். சாலையோர ஆலமரத்தில் ஒரு கிளை அழகாக முறுக்கிக்கொண்டு சாலை மேல் நீண்டிருந்தது. மணியக்காரரிடம் கேட்டுக்கொண்டு அதில் விண்பதியம் போட்டேன். கிளையைச் சுற்றி மோதிரம் போலப் பட்டையை உரித்து, அந்த இடத்தில் ஈர மண்ணும் தேங்காய் நாரும் அப்பி, கோணிச் சாக்கால் மூட்டையாகக் கட்ட வேண்டும். காயாமல் பார்த்துக்கொண்டால் உள்ளே வேர் விடும். பிறகு மூட்டைக்குக் கீழே அறுத்து எடுத்தால் அது தனி மரம்.

மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள் அல்லவா? பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகுமாம். அந்த மரத்திலும் அப்படிச் சில மூட்டைகள் இருந்தன. நான் ஏணியிலிருந்து இறங்கியபோது, பால் ஊற்றும் பாப்பம்மா அக்கா கீழே நின்றார். பதியம் என்றேன், வேர் என்றேன், தொட்டி என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: “செரி, அதெல்லாம் இருக்கட்டும். என்ன கன்னு, கெடேரியா காளையா?”

பட்டாளத்து லாரி

சில வாரங்களில் பட்டாளத்து லாரிகள் அந்த வழியே ஓடத் தொடங்கின. மேல்துணி கிளையில் உரசுகிறது, வெட்டு என்று மணியக்காரருக்கு உத்தரவு. அரிவாளோடு ஓர் ஆளை அழைத்து வந்தார். மூட்டைக்குள் வேர் இன்னும் வரவில்லை. அப்போது வெட்டினால் அது வெறும் விறகு. மரத்தடியில் போய் நின்றுகொண்டேன்.

மணியக்காரர் சலித்துக்கொண்டார்: “நவுரும்மா. ஒரு கொம்புக்காக சர்க்காரையே எதுத்து நிக்கறியா?”

“கொம்பு இல்லீங்க, மரம். வேர் வரட்டும், நானே அறுத்துக் குடுக்கறேன். அதுவரைக்கும் நவுர மாட்டேன்.”

என்னைச் சுற்றிக்கொண்டு அந்த ஆள் ஏறினார். மூட்டையைப் பார்த்தார். ஏறிய வேகத்தைவிட வேகமாக இறங்கி மணியக்காரரிடம் அரிவாளை நீட்டினார்: “அடுத்தவங்க வூட்டுப் பாலை நிறுத்துன பாவம் எனக்கு வேண்டாங்க. நீங்களே ஏறுங்க!”

வேர்

லாரிக்காரர்கள் ஒதுங்கி ஓட்டப் பழகிக்கொண்டார்கள். கார்த்திகை மழை ஓய்ந்தபோது சாக்கின் இழை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. ரம்பத்தோடு போனேன். இந்த முறை மரத்தடியில் வழிமறித்து நின்றவர் பாப்பம்மா அக்கா.

“கன்னு பால் குடிக்கறப்பவே கொடியை அறுப்பியா? மனசு இருக்குதா உனக்கு?”

“அக்கா, எங்கிட்ட மாடே இல்லை!”

“மாடில்லாமயா மூட்டை கட்டுன?”

கூட்டம் கூடிவிட்டது. மணியக்காரர் மீசைக்குள் சிரித்தபடி ஓரமாக நின்றார். இனிப் பேசிப் பயனில்லை. ஏணியை மறுபக்கம் சாத்தி ஏறினேன், அறுத்தேன், கிளையோடு இறங்கினேன். எல்லோர் கண்ணெதிரிலும் சாக்கைப் பிரித்தேன். நார் முழுக்க வேர் பின்னிக்கிடந்தது. கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அக்கா மட்டும் குனிந்து ஒரு வேரைத் தொட்டு, முகர்ந்து பார்த்து, என்னை முறைத்தார்: “அடிப் பாவி, நெசமாவே செடிதானா! இத்தனை நாளா போறப்ப வர்றப்ப இதைக் கும்பிட்டேனே!”

முழங்கை உயரம்

முழங்கை உயரத்துக்கு வெட்டித் தொட்டியில் நட்ட ஆல் பிழைத்தது. புதுத் துளிர் விட்டதும் கடை வாசலில், அத்திமரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். விற்கவில்லை. ஊரே வந்து பார்த்தது. ஒருவரும் சோற்றைப் பற்றிப் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

தை மாதத்தில் ஒருநாள் காலை, பாப்பம்மா அக்கா ஈரம் சொட்டும் சாக்கு மூட்டையோடு கடைக்கு வந்தார். அவருடைய எருமை கன்று போட்டிருந்தது. நான் என் மூட்டையை இறக்கிய பிறகு சாலையோர மரத்தில் கைக்கெட்டும் கிளைகளையெல்லாம் லாரிக்காகக் கழித்துவிட்டார்களாம். மூட்டையைத் தொட்டி மரத்தோடு வைத்து அளந்து பார்த்தார். முகம் சுளித்தார்: “இதுவும் அதே மரந்தானே? இன்னும் கொஞ்சம் பெருசா வளத்திருக்கக் கூடாதா, மூட்டை தரையில இடிக்குதே!”

ஓர் ஆலமரத்தை முழங்கை உயரத்துக்குக் குறுக்கத் தெரிந்த எனக்கு ஊரின் நம்பிக்கையை ஒரு விரற்கடைகூடக் குறுக்க முடியவில்லை, ஆனாலும் அந்த மூட்டையை என் மரத்தில் கட்ட நான் விடவே இல்லை.